நின்று கொடுப்பது

அன்று ஞாயிற்றுக்கிழமை. விடியும் முன்பே தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குளத்துக்குப் பறவை பார்க்கப் போன என் கணவர், இட்லி வேகும் முன் திரும்பி வந்துவிட்டார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. நோயின் முதல் அறிகுறி அதுதான் என்று இப்போது சொல்கிறேன். அப்போது, மனுஷனுக்கு இன்றைக்காவது நேரத்துக்குப் பசித்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்து தொலைநோக்கியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைப்பார், வாசல் வேப்பமரத்தைப் பார்ப்பார், மறுபடி துடைப்பார். என்ன என்று கேட்டேன்.

"பறவன்னு தெரியுது. என்ன பறவன்னு தெரியல. எல்லாம் ஒண்ணு போல இருக்கு" என்றார்.

கண்ணாடி மாற்ற வேண்டும் போல என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அந்த நேரம் பக்கத்து வீட்டு முத்தம்மா கறிவேப்பிலை கேட்டு உள்ளே வந்தாள். அவளைப் பார்த்து என் கணவர், "ரோசு, குடிக்கத் தண்ணி கொண்டா" என்றார்.

ரோசு என்பது நான். ரோஸ்லின். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். முத்தம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இதே நிலையில் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தையல்காரி. பாளையங்கோட்டையில் வீட்டின் முன்னறையில் மிதி மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. ஆனால் எங்களுக்கு இது வந்தபோது, இப்படியும் ஒரு நோய் உண்டு என்று சொல்ல ஒருவரும் இல்லை.

என் கணவர் அருளப்பன் பேருந்து ஓட்டுநர். திருநெல்வேலிக்கும் சீவலப்பேரிக்கும் இடையே டவுன் பஸ் ஓட்டினார். ஓட்டிக்கொண்டே வயலில் நிற்பது என்ன பறவை என்று சொல்லிவிடுவார். நடவுக்குத் தண்ணீர் கட்டியிருக்கும் நாட்களில் அவருடைய பஸ் கொஞ்சம் மெதுவாகும். "டிரைவர் அண்ணாச்சி கொக்குக்கும் ஸ்டாப்பிங் போட்டுட்டாரு" என்று பயணிகள் கேலி பேசுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

நான் உவரியில் பிறந்தவள். மீன் என்றால் வாலைப் பார்த்தே பெயர் சொல்வேன். பறவையில் எனக்குக் காக்கா, காக்கா இல்லாதது என்று இரண்டே வகைதான். ஞாயிறு மதியம் சோற்றுக்கு உட்காரும்போது அவர், "இன்னைக்கு ஒரு அரிவாள் மூக்கன் நல்லா நின்னு குடுத்துச்சு" என்பார். பறவை பார்ப்பவர்களின் பேச்சு அது. பறந்துவிடாமல், நாம் திருப்தியாகப் பார்த்து முடிக்கும்வரை ஒரு பறவை அசையாமல் நிற்பதை அப்படிச் சொல்வார்கள். அந்த அரிவாள் மூக்கனுக்குக் கிடைத்த பார்வை எனக்குக் கிடைக்கவில்லையே என்று பல நாள் நினைத்திருக்கிறேன். புதுச்சேலை கட்டிக்கொண்டு முன்னால் நின்றாலும், குழம்பை ஊத்து என்பார்.

அன்று மதியம் கண் மருத்துவரிடம் போனோம். அவர் விளக்கு அடித்துப் பார்த்தார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, ஆனால் இடப்பக்கம் இருப்பது இவருக்குத் தெரியவில்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். கை கால் இழுக்கவில்லை, வாய் கோணவில்லை, பேச்சு குழறவில்லை. பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் திடீரெனத் தடைபடுவது) இப்படியும் வரும் என்று எங்களுக்குத் தெரியாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் சில மணி நேரத்துக்குள்தான் போட முடியுமாம். நாங்கள் அந்த நேரத்தைத் தாண்டியிருந்தோம். பார்வையில் திடீரென்று எது மாறினாலும் இட்லி வேகட்டும் என்று காத்திருக்காதீர்கள். இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் என் மகள் வயதுள்ள ஒரு பெண். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மூளையின் பின்பக்கம் அடியில் இரண்டு இடங்களைக் காட்டினார். வலப்பக்கம் பெரிது, இடப்பக்கம் சிறிது. பிறகு என் செல்போனை வாங்கி, அதிலிருந்த எங்கள் கல்யாணப் படத்தை அவரிடம் காட்டினார். மூக்கு தெரியுது, கண்ணு தெரியுது, ஆனா யாருன்னு சேர மாட்டேங்குது என்றார் என் கணவர். மாப்பிள்ளை யார் என்று கேட்டார் மருத்துவர். அவருக்கு அதுவும் தெரியவில்லை.

இதற்கு முகமறியாமை (கண் பார்த்தாலும், பார்த்த முகம் இன்னாருடையது என்று மூளையால் சேர்க்க முடியாத நிலை) என்று பெயர் சொன்னார்கள். நினைவு போகவில்லை. அறிவும் போகவில்லை. குரல் கேட்டால் ஆளைத் தெரியும். முகம் மட்டும் ஒரு பெயருக்கும் போய்ச் சேராது.

பறவைகளைப் பற்றி நான்தான் கேட்டேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று. ஒரே மாதிரி இருக்கிற பலவற்றைப் பார்த்த மாத்திரத்தில் இது வேறு, அது வேறு என்று பிரிக்கும் வேலை மூளையின் அந்தப் பகுதியில்தான் நடக்கிறது என்றார் மருத்துவர். நமக்கெல்லாம் அது முகங்களுக்கு மட்டும் பழகியிருக்கும். இவர் முப்பது வருஷமாகப் பறவைகளுக்கும் அதே இடத்தைப் பழக்கிவிட்டார். இரண்டும் ஒன்றாகப் போய்விட்டன.

என் முகமும் கொக்குகளும் அவர் தலைக்குள் ஒரே அறையில் குடியிருந்தன என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுகையோடு கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

என் மகள் பிரின்சி சென்னையிலிருந்து இரவோடு இரவாக வந்தாள். கட்டில் அருகே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் எழுந்து உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "உக்காருங்கம்மா. நீங்க யாரப் பாக்கணும்?" என்று கேட்டார். அவள் "அப்பா" என்று உடைந்த பிறகுதான் அவளைத் தெரிந்தது. பெற்ற பிள்ளையிடம் 'நீங்க' என்று பேசிவிட்டோமே என்று அன்று முழுக்க வெட்கப்பட்டார். அந்த வெட்கத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, அழுத்தத்துக்கு மாத்திரை, கொழுப்புக்கு மாத்திரை. சில மாதங்களில் கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், வேறு வழிகளைப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். இடப்பக்கப் பார்வை இல்லாததால் இனி வண்டி ஓட்டக் கூடாது. டெப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வருகிறவர்கள் கூட்டம். நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் நின்று, "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைப்பார்கள். தெரியவில்லை என்றால் முகம் வாடிப் போவார்கள். முகம் கொடுத்துப் பேசவில்லை என்று ஒரு சொந்தக்காரர் வெளியே போய்ச் சொன்னார். என் கணவரோடு ஓட்டுநராக இருந்த ஒருவர், "வே அருளப்பா, பொண்டாட்டியத் தெரியலன்னு சொல்ல எங்களுக்கெல்லாம் கொடுத்து வைக்கலியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சிரித்துவிட்டு, காப்பி போட உள்ளே போய் அழுதேன்.

அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று நான் நீலச் சேலையாகவே கட்டத் தொடங்கினேன். இளநீலம். சந்தைக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நீலம். கூட்டத்தில் நீலத்தைத் தேடி வந்து சேர்ந்துவிடுவார். இது நல்ல வழி என்று மருத்துவரிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

மாதா கோயில் திருவிழா வந்தது. எங்கள் மாதா சபைப் பெண்கள் எல்லோரும் அன்றைக்கு ஒரே மாதிரி இளநீலச் சேலை கட்டுவோம். அத்தனை பேருக்கும் ரவிக்கை தைத்துக் கொடுத்தவளே நான்தான். அப்படியிருந்தும் எனக்கு அந்த யோசனை வரவில்லை.

பூசை முடிந்து, சப்பரம் கிளம்பும் முன் நாங்கள் கோயில் முற்றத்தில் வரிசையாக நின்றோம். அவர் ஆண்கள் பக்கத்திலிருந்து என்னைத் தேடி வந்தார். நீலத்தைப் பார்த்து நடந்து வந்தவர், வரிசை முழுவதும் நீலமாக இருப்பதைக் கண்டு நின்றுவிட்டார்.

நான் கூப்பிட்டிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், குரலில் தெரிந்துகொள்வார். கூப்பிடவில்லை. ஒரு தடவையாவது இந்த மனுஷன் தானாக என்னைக் கண்டுபிடிக்கட்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முகத்தையும் பார்த்தார். தாண்டிப் போனார். நான்கு பேர் தள்ளி நின்ற ஒருத்தியிடம், "ரோசு, போலாமா?" என்றார்.

பெண்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நோயாளி மேல் கோபப்படக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் இந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் முன்னால் வளைய வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லையா என்று இருந்தது. சப்பரத்தின் பின்னால் போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து இருவரும் பேசவில்லை. நான்தான் ஆரம்பித்தேன்.

"கொக்கு எல்லாமே வெள்ளதான. அதுல இது பெருசு, இது சின்னதுன்னு எப்படிச் சொல்லுவிய?"

அவர் நிமிர்ந்தார். நான் பறவையைப் பற்றி அவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"நெறத்த நம்புனா ஏமாந்துருவோம். வெயிலுக்கு ஒரு நெறம் காட்டும், நெழலுக்கு ஒரு நெறம் காட்டும். எப்படி நிக்கிது, எப்படி நடக்குதுன்னு பாக்கணும். சின்னக் கொக்குக்குக் காலு கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். ஒத்தப் பாதத்தால சகதிய அளைஞ்சு அளைஞ்சு மீனக் கெளப்பும். உண்ணிக்கொக்கு நடக்கையில கழுத்த முன்ன பின்ன ஆட்டும். புதுசாப் பாக்க வாரவன் நெறத்தத்தான் பாப்பான். பழகுனவன் பைய இருந்து நடையப் பாப்பான்."

"அப்ப என்னை மட்டும் எதுக்கு நெறத்த வச்சுத் தேடுனிய?"

பதிலுக்குக் காத்திராமல் மிஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டேன். வைத்தியம் என்று நினைத்துக் கேட்டதில்லை அது. எரிச்சலில் கேட்டது.

அடுத்த நாள் காலையில் அவர் நாற்காலியைத் தூக்கி இடம் மாற்றிப் போட்டார். இடப்பக்கம் இருப்பது அவருக்குத் தெரியாது. நான் அவருடைய வலப்பக்கம் வருமாறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு பார்த்தார். பேசாமல், அவசரப்படாமல், குளத்துக் கரையில் உட்கார்ந்திருப்பவரைப் போலப் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. நூல் கோக்க வரவில்லை. வேலை கெடுதுங்க, அங்கன போய் உக்காருங்க என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவர் நகரவில்லை.

யோசித்தபோது எனக்கும் இது புரிகிற விஷயமாகத்தான் இருந்தது. கடைத்தெருவில் எனக்கு முன்னால் ஒரு பெண் போனால், முதுகைப் பார்த்தே இடது தோள் இறங்கியவள், என்னிடம் தைக்கக் கொடுத்தவள் என்று கண்டுகொள்வேன். அவள் முகமும் பெயரும் பல சமயம் நினைவுக்கு வராது. முகம் இல்லாமல் ஆளைத் தெரிந்துகொள்வதை நானே நாள் முழுக்கச் செய்துகொண்டு, அவருக்கு நீலத்தைத் தவிர வேறு எதையும் கொடுக்காமல் இருந்திருக்கிறேன்.

நீலச் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். மருத்துவரிடம் சொன்னபோது, இதுதான் சரி, முகங்கள் மறுபடி தெரியும் என்று காத்திருக்காதீர்கள், நடை, நிற்கும் விதம், கையசைப்பு என்று சேர்த்துக்கொண்டே போங்கள் என்றார். வீட்டிலும் ஒரு பழக்கம் வைத்தோம். வருகிறவர்கள் வாசலிலேயே பெயர் சொல்லிவிட வேண்டும். பிரின்சி இப்போதும் கேட்டைத் திறக்கும் முன் "அப்பா, பிரின்சி" என்றுதான் உள்ளே வருகிறாள்.

பொங்கல் சமயத்தில் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுப்பார்கள். அவருடைய நண்பர்கள் வந்து கூப்பிட்டார்கள். எனக்குத்தான் ஒண்ணும் தெரியலையே என்று மறுத்தார். சும்மா எங்களோடு வந்து உட்காருங்கள் என்றார்கள். அவர் தயங்கவே, நானும் வருகிறேன் என்றேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குளத்துக் கரையில் வேலை இல்லாமல் உட்கார்ந்தேன்.

வெகுநேரம் அவர் தொலைநோக்கியை இறக்கவில்லை. தண்ணீர் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பறவை மெல்ல நடந்துகொண்டிருந்தது. அது ஒரு காலால் சகதியைக் கிளறியது. பிறகு எழுந்து பறந்தது. "பாதம் மஞ்சள். சின்னக் கொக்கு" என்றார். நண்பர்கள் கைதட்டவில்லை. ஒருவர் எழுதிக்கொண்டார். அந்த நல்ல மனிதர்களை நான் மறக்க மாட்டேன்.

அன்று அவர் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் வரவில்லை. முன்பானால் தலையை நிமிர்த்தும் முன் சொல்லிவிடுவார். தெரியாதவற்றை 'இனம் தெரியவில்லை' என்றே எழுதச் சொன்னார். கணக்கில் அதற்கென்று ஓர் இடம் உண்டாம். குத்துமதிப்பாக ஒரு பெயரைச் சொல்லி வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"தப்பாப் பேரு சொன்னா, அங்க இல்லாத ஒண்ண இருக்குன்னு சொன்ன மாதிரி. தெரியலன்னு எழுதுனா அது பொய் இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு ஆட்களிடமும் அப்படியே சொல்லத் தொடங்கினார். எனக்கு முகம் தெரியாது, யாருன்னு சொல்லுங்க என்பார். வெட்கம் குறைந்தது. எனக்கும் குறைந்தது.

மறு வருஷம் மாதா திருவிழா வந்தது. பெட்டியிலிருந்து நீலச் சேலையை எடுத்தேன். போகாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். அவர்தான் போவோம் என்றார்.

அதே முற்றம், அதே வரிசை. பூசை முடிந்து அவர் வந்தார். இந்தத் தடவை நான் பிடிவாதத்தால் பேசாமல் இருக்கவில்லை. அவர் பார்த்து முடிக்கட்டும் என்று இருந்தேன்.

அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. தூரத்திலேயே நின்றார். இடப்பக்கம் தெரியாததால் தலையை மெல்லத் திருப்பி வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார், தரையை ஒட்டியே. அந்தக் கோடி பக்கம் இரண்டு எட்டு வைத்தார். பிறகு நின்று திரும்பினார். நேராக என்னிடம் வந்து, கொஞ்சம் தள்ளியே நின்று, "நீதான?" என்றார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"எல்லாரும் ரெண்டு காலும் ஊனி நிக்காவ. நீ மட்டும் எடது கால்ல நிக்க. வலது காலு சும்மா தரையத் தொட்டுக்கிட்டு இருக்கு."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். வலது காலை முன்னால் வைத்து மிஷினை மிதித்து மிதித்து அந்தக் குதிகாலில் பல வருஷமாக வலி. ஊன்ற முடியாமல் ஒற்றைக் காலில் நிற்கிறேன் என்பது எனக்கே தெரியாது. எனக்குத் தெரியாத என்னை அவர் பார்த்து வைத்திருந்தார். அங்கேயே, அத்தனை பேருக்கு நடுவில், அழுதுவிட்டேன்.

முகம் திரும்பி வரவில்லை. இனி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சில நாள் இப்போதும் தவறும். முத்தம்மாவை ரோசு என்பார், முத்தம்மா "இல்ல அண்ணாச்சி, நான் முத்து" என்று சொல்லிவிட்டுப் போவாள். குதிகாலுக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லி பிரின்சி சண்டை போடுகிறாள். எனக்கு ஒரு பயம். வலி போய்விட்டால் நிற்கும் விதம் மாறிவிடுமே. அவரிடம் அதைச் சொன்னேன்.

"மாறுனா மாறட்டும் ஏட்டி. பறவையும் வருஷா வருஷம் றெக்க மாத்தத்தான் செய்யுது. திரும்பப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

காலையில் காப்பியோடு முன்னறைக்குப் போகிறேன். அவர் நிமிர்ந்து பார்க்கிறார். பெயர் வரக் கொஞ்ச நேரம் ஆகிறது. ஆரம்பத்தில் அந்த நேரம் என்னைக் கொன்றது. அதைத் தாங்க முடியாமல், நான்தாங்க என்று முந்திக்கொள்வேன். இப்போது பேசுவதில்லை. அவருடைய பார்வை என் பாதத்தில் தொடங்கி, நிற்கிற கால், தம்ளர் பிடித்த கை, சாய்ந்த தோள் என்று ஒவ்வொன்றாக மேலே வருகிறது. காப்பி ஆறட்டும். அவர் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நின்று கொடுக்கிறேன்.